பச்சையைத் தலைகீழாகப் போடு!

வீடியோ கேமில் ஒரு பழைய மரக்கதவைப் பார்த்திருப்பீர்கள். வெடிப்பு, ஆணி, உரிந்த பெயின்ட் எல்லாம் இருக்கும். தொட்டால் சிராய் குத்தும் போலிருக்கும். நிஜத்தில் அது வெறும் தட்டைப் பலகை. மேலே ஒரு படத்தை ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் படத்துக்குப் பெயர்தான் டெக்ஸ்சர்.

ஒட்டும் வித்தையை 1974-ல் யூட்டா பல்கலைக்கழகத்தில் தன் டாக்டர் பட்ட ஆய்வில் சொன்னவர் எட்வின் கேட்மல். பின்னாளில் பிக்ஸாரை நிறுவியவர்களில் ஒருவர். 1978-ல் ஜேம்ஸ் ப்ளின் இன்னும் ஒரு படி மேலே போனார். வடிவத்தைத் தொடவே வேண்டாம். பரப்பு எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று வெளிச்சக் கணக்கிடம் மட்டும் ஒரு பொய் சொல்லுங்கள் போதும். கண் அதை மேடு பள்ளமென்று நம்பிவிடும்.

அந்தப் பொய்யைப் பதிவு செய்யும் படம், நார்மல் மேப். பார்க்க ஊதாவும் நீலமுமாக இருக்கும். சிவப்பு இடம்-வலம் சொல்லும், பச்சை மேல்-கீழ் சொல்லும். 2004-ல் வந்த டூம் 3 இதை ஊரறியச் செய்தது.

சரி, இதை யார் கையால் வரைவது? அங்கேதான் போட்டோஷாப் வருகிறது. தாமஸ் நோல், ஜான் நோல் என்கிற அண்ணன் தம்பி உருவாக்கி, அடோபி 1990-ல் வெளியிட்ட சமாசாரம். அடுத்தவர் எழுதிய குட்டி புரோகிராமை உள்ளே செருகிக்கொள்ள அதில் வழி உண்டு. அதுதான் பிளக்-இன். என்விடியா கம்பெனி இலவசமாகவே கொடுத்தது. கறுப்பு வெள்ளைப் படத்தைக் கொடுத்தால் நார்மல் மேப் ஆக்கித் தரும். கேமுக்குத் தேவையான டிடிஎஸ் ஃபைலாகவும் சேமிக்கும்.

ஆனால், கேமுக்குள் போட்டுப் பார்த்தால் ஆணியெல்லாம் குழியாகத் தெரியும்! பிளக்-இன் கெட்டுவிட்டதென்று அழித்து, மறுபடி இன்ஸ்டால் செய்து, மறுபடி அழித்து... ராத்திரி முழுக்க நடக்கும். பிளக்-இன் பாவம், நிரபராதி. ஓப்பன்ஜிஎல் முறையில் பச்சை கூடினால் மேலே பார்க்கிறது என்று அர்த்தம். டைரக்ட்எக்ஸ் முறையில் கீழே. பி.காம். படித்தவனுக்கு இது சுலபமாகப் புரியும். டெபிட்டும் கிரெடிட்டும் பக்கம் மாறிய கேஸ். கொடுமை என்னவென்றால், பக்கவாட்டு வெளிச்சத்தில் எல்லாம் சரியாகவே தெரியும். மருந்து, பச்சையை மட்டும் தலைகீழாக்குவது. பிளக்-இன்னிலேயே அதற்கு ஒரு டிக் உண்டு. அன்ரியல் ஒரு கட்சி, யூனிட்டி எதிர்க்கட்சி. இன்றுவரை சமரசமில்லை.

இன்னொரு வியாதி இன்னும் மோசம். 2008-ல் வந்த சிஎஸ்4, விண்டோஸில் 64-பிட்டுக்குத் தாவியது. 32-பிட் பிளக்-இன்னை 64-பிட் புரோகிராம் உள்ளே ஏற்றவே முடியாது. எச்சரிக்கை இல்லை, மன்னிப்பு இல்லை. மெனுவில் அந்தப் பெயரே இருக்காது. கூடவே வந்த 32-பிட் போட்டோஷாப்பைத் திறந்து வேலை பார்த்தார்கள். 2018-ல் வந்த சிசி 2019 அந்தக் கதவையும் சாத்தியது. எழுதியவர் கடையை மூடிவிட்டுப் போயிருந்தால் பிளக்-இன் கதையும் முடிந்தது.

இலவச மென்பொருளான கிம்ப் பக்கம் வேறு கதை. டிடிஎஸ்ஸுக்குள் இருக்கும் சுருக்கும் முறை, எஸ்3 கம்பெனியுடையது. பதினாறு புள்ளிகளை வெறும் 8 பைட்டில் அடக்கிவிடும். அதற்கு 2017 அக்டோபர் வரை அமெரிக்காவில் காப்புரிமை இருந்தது. தனியாகத் தேடிப் போட வேண்டியிருந்த டிடிஎஸ் பிளக்-இன் 2019-ல் கிம்ப்போடேயே சேர்ந்து வந்தது. அப்பாடா என்று உட்கார்ந்தவர்களை 2025-ல் கிம்ப் 3.0 எழுப்பியது. பழைய பதிப்புக்கு எழுதிய பிளக்-இன்கள் அதில் ஓடாது. திருத்தி எழுத ஆள் வேண்டும்.

கையில் ஒரு நார்மல் மேப் இருக்கிறது, எந்தக் கட்சி என்று தெரியவில்லையா? படத்தில் புடைத்திருக்கும் ஓர் ஆணியைத் தேடுங்கள். பச்சையை மட்டும் தனியாகப் பாருங்கள். ஆணியின் மேல் விளிம்பு வெளுப்பாக இருந்தால் ஓப்பன்ஜிஎல். கீழ் விளிம்பு வெளுத்திருந்தால் டைரக்ட்எக்ஸ்.