தகரப் பெட்டிக்குள் ஒரு வரலாறு

எமது பட்டிப்பொலயில் வருடத்தின் பெரும்பகுதி பனிமூட்டம்தான். 6,200 அடிக்கு மேலே, இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம் அமைந்திருக்கும் ஊர் இது. இங்கே துணி இலேசில் காயாது. சுவரில் மாட்டிய படத்தின் கண்ணாடிக்குள்ளும் பூஞ்சணம் பூத்துவிடும்.

சென்ற வருடம் ஏழாம் தரப் பிள்ளைகளிடம், "வீட்டில் இருக்கும் மிகப் பழைய பொருள் ஒன்றைக் கொண்டு வாருங்கள்" என்று சொன்னேன். வரலாற்றுப் பாடத்தை அனுராதபுரத்தில் தொடங்காமல் அடுப்படியில் தொடங்கிப் பார்க்கலாமே என்ற எண்ணம்தான். பித்தளைச் செம்பு வந்தது. தேய்ந்துபோன கவ்வாத்துக் கத்தி வந்தது. ஒரு சிறுமி தன் பூட்டியின் தண்டட்டியைத் துணியில் முடிந்து கொண்டு வந்தாள். ஒரு சிறுவன் கொண்டு வந்தது அட்டையில் ஒட்டிய ஒரு கறுப்பு வெள்ளைப் படம். கோட்டும் தலைப்பாகையுமாக நாற்காலியில் ஒருவர், பக்கத்தில் நிற்கும் ஒரு பெண், காலடியில் இரண்டு பிள்ளைகள்.

"இவங்க யாரு தம்பி?"

"தெரியாது சேர். அப்பாயிக்குத்தான் தெரியும். அப்பாயி போன வருசம் செத்துப் போச்சு."

அந்தப் பதில் என்னை விட்டுப் போகவில்லை. படம் இருக்கிறது, ஆட்கள் இல்லை. முகம் இருக்கிறது, பெயர் இல்லை. நான்கு பேரின் பெயரும் ஒரு கிழவியோடு மண்ணுக்குள் போய்விட்டன.

மலையகத்தவரின் முகங்களைப் படமெடுத்தவர்கள் இல்லாமலில்லை. நிழற்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான ஜூலியா மார்கரெட் கமரோன் 1875இல் இலங்கைக்கு வந்தார். தோட்டத் தொழிலாளரைத் தம் கமராவின் முன் நிறுத்தினார். 1879இல் டிக்கோயாப் பகுதியில் காலமாகி, பொகவந்தலாவை தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 1890இல் கொழும்பில் தொடங்கிய பிளாட்டே நிறுவனம் தேயிலை மலைகளின் காட்சிகளை அஞ்சலட்டைகளாக அச்சிட்டு விற்றது. படம் எடுத்தவரின் பெயரை உலகம் அறியும். படத்தில் நிற்பவரோ 'தமிழ்க் கூலி', 'கொழுந்து பறிக்கும் பெண்' என்ற அளவோடு நின்றுவிட்டார்.

பெயருக்குப் பதிலாக எம்மவருக்குக் கிடைத்தது இலக்கம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரச் சீட்டு முறை வந்தது. தமிழகத்துக் கரையிலிருந்து தோட்டத்துக்குப் புறப்பட்டவரிடம் ஒரு சிறு தகரத் தகடு கொடுக்கப்பட்டது. எந்தத் தோட்டம், எத்தனையாவது ஆள் என்பதை அதில் பொறித்த எழுத்தும் எண்ணும் சொல்லும். வந்த பிறகு 'துண்டு' இருந்தது. கடன் தீர்ந்தால்தான் அடுத்த தோட்டத்துக்குப் போகலாம் என்ற நிலையில் ஆட்களைக் கட்டிப்போட்ட கடதாசி அது. 1921இல்தான் சட்டத்தால் தடை செய்யப்பட்டது. இன்று யாரேனும் ஒரு வீட்டில் அந்தத் தகரம் கிடந்தால், பிள்ளைகள் அதை விளையாட்டுச் சாமான் என்று நினைப்பார்கள். அந்தக் குடும்பம் கடல் கடந்ததற்கு வேறு சாட்சி இல்லை என்பது யாருக்கும் தோன்றாது.

சாட்சி என்ற சொல்லை அழகுக்காகச் சொல்லவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இங்கே பிறந்தவரிடமும், தந்தை இலங்கையில் பிறந்தவர் என்றோ, பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவர்கள் என்றோ நிரூபிக்கக் கேட்டது. லயக் காம்பராவில் பிறந்தவரிடம் பூட்டனின் பிறப்பத்தாட்சிப் பத்திரம் எங்கே இருக்கும்? அடுத்த வருடம் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், மணமானவர் 1946 ஜனவரி 1க்கு முன் ஏழு வருடமும் மணமாகாதவர் பத்து வருடமும் தொடர்ந்து இங்கு வாழ்ந்ததற்கு அத்தாட்சி கேட்டது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை பெற்றவர்கள் ஏறத்தாழ 134,000 பேர்தான்.

இந்தச் சட்டம் தோட்டத் தொழிலாளரை மட்டும் தொடவில்லை. தமிழகத்திலிருந்து வந்து ஹட்டனிலும் நுவரெலியாவிலும் கடை வைத்திருந்த முஸ்லிம் வணிகரும் இதே வரிசையில்தான் நின்றார்கள். பழைய கடைக் கணக்குப் புத்தகம், வாடகைச் சீட்டு, செக்ரோல் பெயர், பிள்ளையின் பாடசாலைச் சான்றிதழ் என்று கைக்கு வந்த ஒவ்வொரு தாளும் அன்று உரிமையின் சாட்சி. எழுதியவரின் கை வழுக்கியதற்கும் விலை உண்டு. என் தகப்பனாரின் பெயர் மூன்று கடதாசிகளில் மூன்று விதமாக இருக்கிறது. மூன்றும் ஒரே ஆள்தான் என்று காட்ட அவர் எத்தனை நாள் சம்பளத்தை இழந்தார் என்பதை அம்மா சொல்லித்தான் அறிவேன்.

1964 அக்டோபர் 30இல் ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். எஞ்சிய 150,000 பேரை 1974இல் பாதிபாதியாகப் பகிர்ந்தார்கள். அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி ஒரு நாட்டுக்குமாகக் குடும்பங்கள் பிரிந்தன. புறப்படும் முன் டவுனுக்குப் போய்க் குடும்பமாகப் படம் எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. ஒரு பிரதி கப்பலேறியது. ஒரு பிரதி இங்கே நின்றது. கூடலூரிலோ கோத்தகிரியிலோ ஒரு வீட்டுச் சுவரிலும் இங்கே ஒரு தகரப் பெட்டியிலும் அதே படம் இன்றும் இருக்கக்கூடும். ஆனால் இரு வீட்டுப் பேரப்பிள்ளைகளும் ஒருவரையொருவர் அறியார். 1964 முதல் இங்கேயே வாழ்ந்தவர்களுக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் உரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003இல்தான்.

சில வீடுகளில் படம் மாட்டும் வழக்கமில்லை. அங்கே வேறு பொருள் சாட்சி சொல்லும். அரபுத்தமிழ்க் கிதாபின் கடைசித் தாளில் பிள்ளைகள் பிறந்த தேதியைக் குறித்து வைத்த வாப்பாக்கள் உண்டு. நிக்காஹ் பதிவு, காணி உறுதி, உம்மும்மாவின் வெற்றிலைத் தட்டம் எல்லாம் குடும்பத்தின் ஏடுகளே. அவை இல்லாமற் போனால் என்ன ஆகும் என்பதை 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களிடம் கேட்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் சில மணி நேர அவகாசத்தில் வீட்டையும் நகையையும் விட்டுவிட்டு நடந்தவர்கள், உறுதிப் பத்திரத்தையும் படத்தையும் சேர்த்தே விட்டு வந்தார்கள். திரும்பிப் போன பிறகு, இது என் வீடுதான் என்று காட்டத் தாளில்லாமல் நின்றவர்கள் எத்தனை பேர்!

மனிதர் விட்டுவைத்ததை மலை எடுத்துக்கொள்கிறது. 2014 அக்டோபர் 29இல் மீரியபெத்தயில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது மலையகமெங்கும் சரிவுகள். உயிர் தப்பியவரிடம் முதலில் கேட்கப்படுவது அடையாள அட்டையும் பத்திரமும்தான்.

ஆகவே சில காரியங்களை இப்போதே செய்யலாம், பெரிய செலவில்லை. படத்தின் பின்பக்க ஓரத்தில் மெதுவான பென்சிலால் பெயர், உறவுமுறை, ஊர், ஏறத்தாழ எந்த வருடம் என்று எழுதுங்கள். போல்பேனா மை ஊறிவிடும். பழைய படத்தையும் பத்திரத்தையும் லெமினேட் செய்யாதீர்கள். பசைத்தாள் அல்பத்தில் ஒட்டாதீர்கள். பிறகு கிழிக்காமல் எடுக்க முடியாது. தனித்தனிக் கடதாசி உறையில் இட்டு, நிலத்தில் படாமல், ஈரச் சுவருக்கும் அடுப்புப் புகைக்கும் தள்ளி வையுங்கள். வெயில் அடிக்கும் நாளில் பெட்டியைத் திறந்து காற்றாட விடுங்கள்; படத்தை நேர் வெயிலில் காய வைக்காதீர்கள். கைத்தொலைபேசியில் இரு பக்கமும் படமெடுத்து, வேறு ஊரிலுள்ள உறவினர் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். கம்பளைக்கு அருகே ஒரு பழைய லயத்தில் 2007இல் தோட்டத் தொழிலாளருக்கென ஓர் அரும்பொருட்காட்சியகம் அமைந்தது. அது பொதுக் கூடம். நமது வீட்டுப் பெட்டிக்குப் பொறுப்பாளர் நாம்தான்.

எல்லாவற்றுக்கும் முதலில், வீட்டிலுள்ள மூத்தவர் பக்கத்தில் படத்தோடு உட்காருங்கள். பெட்டி நாளைக்கும் இருக்கும். அவர் இருப்பார் என்பதற்கு உத்தரவாதமில்லை.

அந்தச் சிறுவனைப் பக்கத்து லயத்தில் தொண்ணூறை நெருங்கும் ஒரு பாட்டியிடம் அனுப்பினேன். படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தாராம். காலடியில் இருக்கும் சிறு பெண் அவனுடைய அப்பாயிதான் என்று சொன்னாராம். மற்ற மூவரையும் அவருக்குத் தெரியவில்லை. மறுநாள் அவன் என் மேசையில் வைத்தே பென்சிலால் ஒரு பெயரை எழுதினான். அதன் கீழே மூன்று வரி இடம் விட்டான்.

"ஏன் தம்பி?" என்றேன்.

"இந்தியாவுல யாருக்காவது தெரிஞ்சிருக்கும் சேர்" என்றான்.