வெட்டினால் குப்பை, வெட்டாவிட்டால் பொக்கிஷம்!

மன்னார்புரம் பக்கம் ஒரு குடும்பம் வீடு மாறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டி இறங்குகிறது. கல்யாண ஆல்பம், மார்க் ஷீட், பழைய ரேஷன் கார்டு... இவற்றை யாரும் தூக்கிப் போட மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் முனை மடங்கிய ஒரு கலரிங் புத்தகம் கிடக்கும். யானைக்குப் பச்சை, ஆப்பிளுக்கு நீலம். கூடவே கல்யாணப் பத்திரிகை அட்டையில் வெட்டிய ஒரு பெண் பொம்மை, அதற்காக நோட்டுத் தாளில் வரைந்த நாலைந்து கவுன்கள். வீட்டில் ஒருவர் அதை எடுத்துப் பார்த்து ஒரு நிமிடம் சிரிப்பார். அவ்வளவுதான். அடுத்த நிமிடம் அது பழைய பேப்பர்காரரின் தராசில் இருக்கும்.

காமர்ஸ் படித்தவர்களுக்குத் 'தேய்மானம்' என்ற சொல் நன்றாகத் தெரியும். ஒரு இயந்திரம் பத்து வருடம் உழைத்துத் தேயும். ஆனால் ஒரு கலரிங் புத்தகம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முழுசாகத் தேய்ந்துவிடும். கணக்குப்படி அதன் மதிப்பு பூஜ்யம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பழைய காகித பொம்மைகளுக்கு வெளிநாடுகளில் சேகரிப்பாளர் சந்தை ஒன்று இருக்கிறது. அங்கே கத்தரிக்கோல் படாத தாளுக்குத்தான் அதிக விலை. வெட்டி, உடை மாட்டி, விளையாடிய பொம்மைக்கு விலை குறைவு. அதாவது, எந்தக் குழந்தையும் தொடாத பொம்மைதான் பொக்கிஷம்! இந்தக் கணக்கு சரிதானா என்பதை இந்தப் பொம்மைகளின் வரலாறே சொல்கிறது.

தலை மட்டும் மாறாத பெண்

காகித பொம்மை வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் 1810-ம் வருடத்தில் நிற்பார்கள். அந்த வருடம் லண்டனில் எஸ். அண்ட் ஜே. ஃபுல்லர் நிறுவனம் 'லிட்டில் ஃபேன்னி' என்ற சிறுமியின் கதையை வெளியிட்டது. புத்தகத்தோடு, வெட்டி எடுத்த உருவங்களும் ஒரே ஒரு தலையும் கொடுத்தார்கள். கதை நகர நகர, அந்தத் தலையை ஒவ்வொரு உடலிலும் செருக வேண்டும். பகட்டான உடை மேல் ஆசைப்பட்டுச் சொல் பேச்சு கேட்காத ஃபேன்னி, உடையை இழந்து, பிச்சை எடுத்து, மீன் விற்று, கடைசியில் கையில் புத்தகத்தோடு அடக்கமாக வீடு திரும்புவாள். விளையாட்டு மாதிரி தெரிந்தாலும் உள்ளே இருந்தது பாடம்தான்.

பிறகு அமெரிக்காவில் நியூயார்க்கின் மெக்லாக்லின் சகோதரர்கள் காகித பொம்மைகளைச் சில காசுக்குக் கிடைக்கும் சரக்காக ஆக்கினார்கள். வண்ணம் தீட்டும் புத்தகத்தைக் குழந்தைகளுக்குப் பழக்கியதிலும் அவர்களுக்குப் பங்கு உண்டு. 1903-ல் எட்டு நிறங்கள் ஐந்து சென்ட் என்று கிரேயோலா மெழுகுக் குச்சிகள் வந்தன. 1951-ல் மெக்கால்ஸ் என்ற பெண்கள் பத்திரிகையில் 'பெட்ஸி மெக்கால்' வந்தாள். அந்த நிறுவனம் துணி வெட்டும் பேட்டர்னும் விற்று வந்தது. மகள் பெட்ஸிக்குக் காகித உடை மாட்டுவாள், அம்மா அதே மாதிரி உடையின் பேட்டர்னை வாங்கி மகளுக்குத் தைப்பாள். விளம்பரம் என்று சொல்லாமலே ஒரு விளம்பரம்!

இதெல்லாம் வெள்ளைக்காரர்களின் சமாச்சாரம், நம் ஊருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது.

திருச்சியின் காக்காப்பொன் படங்கள்

மைக்காவைத் தமிழில் அப்பிரகம் என்பார்கள். மண்ணில் மினுங்கும் அதன் துணுக்குகளைச் சின்னப் பிள்ளைகள் காக்காப்பொன் என்று பொறுக்குவார்கள். அந்தக் கல்லை ஏடு ஏடாகப் பிரித்தால் கண்ணாடி போல மெல்லிய தகடு கிடைக்கும். 19-ம் நூற்றாண்டில் இந்தத் தகடுகள் மேல் ஓவியம் வரைந்து விற்ற முக்கியமான ஊர்களில் ஒன்று திருச்சிராப்பள்ளி. முர்ஷிதாபாத், பாட்னா, காசி வரிசையில் தெற்கே நம் ஊர்.

1801-ல் கர்நாடக நவாபின் ஆட்சி முடிந்து திருச்சி முழுமையாகக் கம்பெனி கைக்கு வந்தது. ஊரில் பெரிய ராணுவ முகாம் இருந்தது. இன்றும் கன்டோன்மென்ட் என்று பஸ்ஸில் டிக்கெட் வாங்குகிறோமே, அந்தப் பெயர் அப்போது வந்ததுதான். அந்த வெள்ளைக்கார அதிகாரிகளும் அவர்கள் வீட்டுப் பெண்களும் ஊருக்கு எடுத்துப் போக ஞாபகப் பொருள் தேடினார்கள். உள்ளூர் ஓவியர்கள் உள்ளங்கை அகல மைக்காத் தகடுகளில் வண்ணான், தண்ணீர் சுமப்பவர், பல்லக்குத் தூக்கி, சமையல்காரர், சிப்பாய் என்று தொழிலுக்கு ஒரு படமாக வரைந்து செட் செட்டாக விற்றார்கள்.

இந்திய மைக்கா ஓவியங்களில் ஒரு விசேஷ வகை உண்டு. ஒரு அட்டையில் முகம் மட்டும் வரைந்திருக்கும். கூடவே வரும் மைக்காத் தகடுகளில் உடையும் உடம்பும் மட்டும் இருக்கும், முகம் இருக்க வேண்டிய இடம் காலி. தகட்டை அட்டை மேல் வைத்தால் அந்த முகம் சிப்பாய் ஆகும். தகட்டை மாற்றினால் அதே முகம் வண்ணான் ஆகும். லண்டனில் ஃபேன்னிக்குச் செய்த அதே வேலைதான்!

ஆனால் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய இடமும் இதுதான். ஃபேன்னிக்கு ஒரு பெயர் இருந்தது, ஒரு கதை இருந்தது, வீடு திரும்பும் வழி இருந்தது. மைக்காப் படத்து மனிதனுக்குத் தொழில் மட்டும்தான் இருந்தது. யார் வந்தாலும் முகம் ஒன்றுதான். உடையையும் கையில் உள்ள கருவியையும் வைத்தே அவன் இன்னார் என்று தீர்மானம். ஒரு நாட்டு மக்களைச் சாதிவாரியாக, தொழில்வாரியாகப் பட்டியல் போட்ட ஆட்சிக்கு ஏற்ற பொம்மை அது.

19-ம் நூற்றாண்டின் பின்பாதியில் புகைப்படம் பரவியதும் இந்தத் தொழில் நொடித்தது. மைக்கா ஏடு ஏடாகப் பிரியும், வண்ணம் உதிரும். இருந்தும் இந்தப் படங்கள் லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் பிழைத்துக் கிடக்கின்றன. காரணம் எளிது. அவற்றை வாங்கியவர்கள் பெரியவர்கள். பத்திரமாகப் பெட்டியில் வைத்தார்கள்.

படத்துக்குப் புடவை கட்டியவர்கள்

உடை மாற்றிப் பார்ப்பதில் உள்ள சந்தோஷத்தைத் திருச்சிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காவிரியைத் தாண்டினால் ஸ்ரீரங்கம். பகல்பத்தின் பத்தாம் நாள் நம்பெருமாள் நாச்சியார் திருக்கோலத்தில் வருவார். மறுநாள் வைகுண்ட ஏகாதசிக்கு ரத்னாங்கி. அதே திருமுகம், அலங்காரம் மட்டும் வேறு. அந்தக் கூட்டத்தில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்த குழந்தை, வீட்டுக்கு வந்து பொம்மைக்குத் துணி சுற்றினால் அதில் என்ன ஆச்சரியம்?

1894-ல் பம்பாயில் ரவிவர்மா அச்சகம் தொடங்கியது. லட்சுமியும் சரஸ்வதியும் வண்ண அச்சில் வீடு வீடாக வந்தார்கள். தமிழ்நாட்டில், முக்கியமாகச் செட்டிநாட்டு வீடுகளில், அந்தப் படங்களை அப்படியே மாட்டுவதோடு நிற்கவில்லை. படத்தில் உள்ள புடவையின் மேல் நிஜத் துணியை ஒட்டினார்கள். சரிகை, ஜிகினா, மணி எல்லாம் வைத்துத் தைத்தார்கள். அச்சில் ஒரே மாதிரி வந்த ஆயிரம் லட்சுமிகளில், இவள் எங்கள் வீட்டு லட்சுமி என்று ஆனது அந்தத் துணியால்தான். அச்சடித்தவன் முடித்துவிட்ட படத்தை வாங்கியவர்கள் மறுபடியும் தொடங்கினார்கள். கலரிங் புத்தகத்தில் குழந்தை செய்வதும் இதேதானே?

சிவகாசி போட்ட தாள்

அச்சுக் காகிதம் ஏழைக் குழந்தையின் கைக்கும் வந்ததில் சிவகாசிக்குப் பெரிய பங்கு உண்டு. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்று வந்தார்கள். மழை குறைந்த வறண்ட பூமி அந்தத் தொழிலுக்குத் தோதாக இருந்தது. தீப்பெட்டி என்றால் அதன் மேல் லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அச்சகம் வந்துவிட்டால் அது லேபிளோடு நிற்குமா? காலண்டர், வாழ்த்து அட்டை, நோட்டு, படப் புத்தகம் என்று வளர்ந்தது. கோவில்பட்டியில் இருந்த கொண்டையராஜு வரைந்த சாமி படங்கள் சிவகாசிக் காலண்டர்களில் ஏறி ஊர் ஊராகப் போயின.

குழந்தைகளுக்கு முதலில் கிடைத்தது லேபிள். காலித் தீப்பெட்டியைத் தண்ணீரில் ஊறவைத்து, படத்தை உரித்து, காயவைத்து நோட்டில் ஒட்டினால் அதுதான் ஆல்பம். கோந்து வாங்கக் காசு ஏது? சோற்றுப் பருக்கை போதும். ஒரு அபூர்வப் படத்துக்கு ஐந்து சாதாப் படம் என்று மாற்று விகிதம் வேறு. பணமே இல்லாத ஒரு பங்குச் சந்தை!

அடுத்து வந்தவை சிவகாசி கலரிங் புத்தகங்கள். இடது பக்கம் வண்ணத்தில் ஒரு மயில், வலது பக்கம் அதே மயில் வெறும் கோடாக. தண்ணீர் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்தாலே நிறம் வரும் மாயப் புத்தகமும் உண்டு. அதையும் வாங்க முடியாத வீடுகளில் பத்திரிகைதான் கலரிங் புத்தகம். 1947 ஜூலையில் நாகிரெட்டியும் சக்கரபாணியும் தொடங்கிய அம்புலிமாமாவின் கோட்டோவியங்களில் எத்தனை ராஜகுமாரிகளுக்குப் பென்சிலால் புடவை நிறம் மாறியிருக்கும்! விக்கிரமாதித்தன் தோளில் தொங்கும் வேதாளத்தை மனதில் பதித்த ஓவியர் சங்கர் என்கிற கே. சி. சிவசங்கரன் 2020-ல், 96-வது வயதில் மறைந்தார். அடுத்த ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அம்புலிமாமா அதற்குப் பல வருடங்கள் முன்பே நின்றுவிட்டிருந்தது.

'ஸ்கின் கலர்' எது?

பழசை நினைத்து உருகும்போது ஒன்றை மறைத்துவிடக் கூடாது. அந்தத் தாள்களில் இருந்த சிறுமி யார்? பெரும்பாலும் பொன்னிற முடி, நீலக் கண், குட்டைக் கவுன். திருச்சி வெயிலில் பள்ளிக்கூடம் போகும் குழந்தைக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லை. வகுப்பில் ஒரு குழந்தை "ஸ்கின் கலர் குடு" என்று கேட்டால், பக்கத்துக் குழந்தை எடுத்து நீட்டுவது வெளிறிய ரோஜா நிறக் குச்சி. கொடுக்கும் கையின் நிறம் வேறு, குச்சியின் நிறம் வேறு. இரண்டு பேருக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை என்பதுதான் கொடுமை. கிரேயோலா நிறுவனம் 'ஃப்ளெஷ்' என்ற தன் நிறத்தின் பெயரை 1962-லேயே 'பீச்' என்று மாற்றிவிட்டது. நம் வகுப்பறைகளில் அந்தப் பெயர் அதற்குப் பிறகும் பல்லாண்டுகள் ஓடியது.

மைக்காப் படத்தில் எல்லாருக்கும் ஒரே முகம். கலரிங் புத்தகத்தில் எல்லாருக்கும் ஒரே தோல். இரண்டிலும் அச்சோ ஓவியமோ முன்கூட்டியே ஒன்றைத் தீர்மானித்து வைத்திருந்தது.

ஆனால் கலரிங் புத்தகத்தில் ஒரு வித்தியாசம் உண்டு. மைக்காத் தகட்டில் யாரும் கிறுக்கவில்லை. கலரிங் புத்தகத்தில் கிறுக்கினார்கள். பொன்னிற முடியைக் கறுப்பாக்கி, பின்னல் போட்டு, நெற்றியில் ஒரு பொட்டு வைத்தார்கள். கவுனுக்கு மேலே தாவணி வரைந்தார்கள். கோட்டுக்கு வெளியே போகாதே என்று டீச்சர் சொன்னாலும் போனார்கள். கல்யாணப் பத்திரிகை அட்டையில் வெட்டிய பொம்மைக்கு, தீபாவளிக்குத் தனக்குக் கிடைக்காத பாவாடையை வரைந்து மாட்டினார்கள். அச்சகம் சொன்னதற்குக் குழந்தை எழுதிய பதில் அந்தக் கிறுக்கல்தான்.

நமக்குக் கிடைக்கும் வரலாறு எல்லாம் பெரியவர்கள் எழுதியது. கல்வெட்டு, கணக்கு, கடிதம், பத்திரிகை... எதிலும் ஏழு வயதுக் குழந்தை தன் கையால் எழுதியது இல்லை. அது இருக்கும் ஒரே இடம் வெட்டிய, கிறுக்கிய, சோற்றுப் பருக்கையால் ஒட்டிய இந்தத் தாள்கள்தான். வெட்டாத தாளில் இருப்பது அச்சகத்தின் வரலாறு மட்டுமே. அதற்கு அதிக விலை கிடைக்கலாம். ஆனால் அதில் குழந்தை இல்லை.

2013-ல் ஸ்காட்லாந்தின் ஜொஹன்னா பாஸ்ஃபோர்டு பெரியவர்களுக்கென்று வெளியிட்ட 'சீக்ரெட் கார்டன்' கலரிங் புத்தகம் உலகம் முழுக்க லட்சக்கணக்கில் விற்றது. தொலைத்ததைப் பெரியவர்கள் காசு கொடுத்து மறுபடி வாங்குகிறார்கள். விலை கொடுத்தாலும் கிடைக்காத ஒரு பிரதி மட்டும் பரணில், அந்தத் தகரப் பெட்டியின் அடியில் இருக்கிறது.

அடுத்த முறை வீடு காலி செய்யும்போது, தராசில் ஏறும் முன் அந்தப் பச்சை யானையை மட்டும் எடுத்துத் தனியே வையுங்கள். எடைக்குப் போட்டால் ஒரு ரூபாய்கூடத் தேறாது. ஆனால் அந்த யானைக்கு ஏன் பச்சை என்று கேட்டுப் பாருங்கள். பதில் தெரிந்த ஒரே ஆள் ஒருவேளை அதே வீட்டில், பக்கத்து அறையில், சாமான் கட்டிக்கொண்டிருக்கலாம்!