ஈடன் தோட்டத்தில் ஒரு பிற்பகல்

கல்கத்தாவின் கால்பந்துப் பகையை நாம் நகைச்சுவையாகவே பேசிப் பழகிவிட்டோம். ஈஸ்ட் பெங்கால் வென்றால் இலிஷ் மீனுக்கும், மோகன் பகான் வென்றால் இறாலுக்கும் சந்தையில் விலை ஏறுமாம்! ஆனால் 1980 ஆகஸ்டு 16-ஆம் நாளை அவ்வாறு சிரித்துக் கடத்தல் இயலாது.

அன்று நடந்தது லீக் போட்டி. களமோ கிரிக்கெட்டுக்குப் பெயர்பெற்ற ஈடன் தோட்டம். மோகன் பகானின் ஓரத்து முன்னணி ஆட்டக்காரர் விதேஷ் போஸ். அவரைத் தடுக்கும் பொறுப்பு ஈஸ்ட் பெங்காலின் திலீப் பாலித்துக்கு. பாலித் பந்தைக் காட்டிலும் காலையே மிகுதியும் குறிவைத்தார். போஸும் பொறுமை இழந்தார். இரண்டாம் பாதியில் நடுவர் இருவரையுமே வெளியேற்றினார். தண்டனை முறையானதே. ஆயினும் களத்துச் சினம் மாடத்துக்குத் தாவிவிட்டது. இரு தரப்பு அன்பர்களும் அங்கே கலந்து அமர்ந்திருந்தனர்; பெரும்பிழை இதுவே என்பது நம் கருத்து. கைகலப்பு மூண்டது. அஞ்சி ஓடிய கூட்டம் ஒருவர்மேல் ஒருவராக விழுந்து நெரிந்தது. மாண்டோர் 16 பேர். ஆட்டம் காண வந்தவர்கள். விளக்கேற்றும் வேளைக்குள் வீடு திரும்ப எண்ணியிருப்பர்.

பின்னர் அவர்களை நினைந்து மன்னா தே வங்காளியில் ஒரு பாடல் பாடினார். அந்நாளில் கல்கத்தாவில் இரத்த தான முகாம் நடத்தும் வழக்கமும் ஏற்பட்டது.