பழைய வண்டியும் சுழல் எஞ்சினும்

மாடு வாங்கச் சந்தைக்குச் செல்பவன் பல்லைப் பார்ப்பான், சுழியைப் பார்ப்பான், சிறிது தூரம் நடத்தியும் பார்ப்பான். விற்பவன் சொல்லை மட்டும் நம்பிக் கயிற்றைக் கையில் வாங்குபவன் அரியன். பிறர் ஓட்டிய மோட்டார் வண்டியை வாங்குவோர்க்கும் இம்முறையே பொருந்தும். ஆயினும், யப்பானிய மஸ்டா நிறுவனத்தின் ஆர்.எக்ஸ்.-7, ஆர்.எக்ஸ்.-8 ஆகிய வேக வண்டிகளின் முன்னே வந்து நிற்பவன், ஏனைய வண்டிகளுக்குரிய சோதனைகளோடு அமைந்துவிட இயலாது. அவற்றின் உள்ளே இருப்பது பிஸ்டன் எஞ்சினன்று, சுழல் எஞ்சின். ஆர்.எக்ஸ்.-8 வண்டியின் உற்பத்தி 2012ஆம் ஆண்டிலே நின்றுவிட்டது. ஆகவே, இன்று சந்தைக்கு வருவன யாவும் பிறர் கையாண்டவையே. வாங்கலாமா, விடலாமா என்னும் வினாவுக்குரிய விடை அந்த எஞ்சினின் வரலாற்றிலேயே பொதிந்து கிடக்கின்றது.

சாதாரண எஞ்சினிலே பிஸ்டன் மேலுங் கீழுமாக ஓடுகின்றது. ஒவ்வொரு முறையும் அது நின்று திரும்ப வேண்டும். அவ்வசைவைச் சுழற்சியாக மாற்றுதற்குத் தண்டுகள் வேண்டும். சுழல் எஞ்சினிலோ, பக்கங்கள் சற்றே புடைத்த முக்கோண உருளி ஒன்று, இடை சிறுத்த நீள்வட்டக் கூட்டினுள்ளே சுழல்கின்றது. அதன் மூன்று முனைகளும் எப்பொழுதும் கூட்டின் சுவரைத் தொட்டவண்ணமே செல்லும். காற்றும் பெற்றோலும் உட்புகுதல், அமுக்கப்படுதல், எரிதல், புகை வெளியேறுதல் என்னும் நான்கு தொழில்களும் அச்சுற்றிலேயே நடைபெறுகின்றன. உருளி ஒருமுறை சுற்ற, நடுத்தண்டு மும்முறை சுற்றும். உறுப்புகள் சில, அதிர்வு குறைவு, பருமன் சிறிது, வலுவோ பெரிது. ஆனால், இத்தனை சிறப்பும் அம்மூன்று முனைகளிலே பதித்த மெல்லிய அடைப்புத் தகடுகளை நம்பி நிற்கின்றது. தகடு தேய்ந்தால் அமுக்கம் கசியும். அமுக்கம் கசிந்தால் எஞ்சினின் உயிர் ஒடுங்கும்.

இவ்வெஞ்சினைக் கருதிப் பார்த்தவர் பீலிக்ஸ் வாங்கல் என்பவர். 1902ஆம் ஆண்டு ஜேர்மனியின் லார் நகரிலே பிறந்த அவர் பல்கலைக்கழகப் படிப்பு இல்லாதவர். ஹைடல்பேர்க் நகரிலே நூல் வெளியீட்டகம் ஒன்றில் வேலை செய்துகொண்டே இயந்திரங்களை ஆராய்ந்து, 1929ஆம் ஆண்டு தம் முதற் காப்புரிமையைப் பெற்றார். அவர் நாஜிக் கட்சியைச் சேர்ந்திருந்தவர் என்பதையும் வரலாறு மறைப்பதில்லை. போர் முடிந்தபின், 1951ஆம் ஆண்டு முதல் என்.எஸ்.யு. நிறுவனத்தோடு இணைந்து உழைத்தார். 1957ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாந் திகதி முதல் மாதிரி எஞ்சின் சுழன்றது. வாங்கலின் அமைப்பிலே கூடும் சேர்ந்து சுழன்றது. ஹான்ஸ் டீட்டர் பாஷ்கே என்னும் பொறியியலாளர் கூட்டை நிலைநிறுத்தி, உருளியை மட்டும் சுழலச் செய்தார். பின்னாளில் வண்டிகளில் ஏறியது இவ்வெளிய அமைப்பே.

1967ஆம் ஆண்டு என்.எஸ்.யு. வெளியிட்ட ரோ-80 என்னும் வண்டியை ஐரோப்பா வியந்து போற்றியது. அடுத்த ஆண்டின் சிறந்த வண்டி என்னும் பட்டமும் அதற்குக் கிடைத்தது. ஆனால், வாங்கியோரின் மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. முனைத் தகடுகள் விரைவிலே தேய்ந்தன. நிறுவனம் உத்தரவாதத்தின்படி எஞ்சின்களை மாற்றிக் கொடுத்துக் கொடுத்தே களைத்தது. ரோ-80 ஓட்டுவோர் வழியில் எதிர்ப்பட்டால், எத்தனை எஞ்சின் மாற்றினோம் என்பதை விரல்களால் காட்டிக்கொள்வர் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. 1969ஆம் ஆண்டு என்.எஸ்.யு., வொக்ஸ்வாகன் குழுமத்தினுள் அடங்கியது. 1977ஆம் ஆண்டு வரை ஏறக்குறைய 37,000 ரோ-80 வண்டிகளே செய்யப்பட்டன. பிரித்தானியாவிலே இவற்றைப் பழைய வண்டியாக வாங்கியோர் சிலர், சுழல் எஞ்சினைக் கழற்றிவிட்டுப் போர்ட் நிறுவனத்தின் பிஸ்டன் எஞ்சினைப் பொருத்தி ஓட்டினர். பிரான்சின் சித்ரோயன் நிறுவனமோ 1973ஆம் ஆண்டு ஒரு சுழல் எஞ்சின் வண்டியை வெளியிட்டு, பின்னர் தான் விற்றவற்றையே திரும்ப வாங்கி அழிக்க முற்பட்டது. விற்றவனே திரும்ப வாங்கி உடைக்கும் பண்டத்தை வேறு எவர் விரும்பி வாங்குவர்?

இத்தகைய எஞ்சினைக் கைவிடாது காத்த ஊர் ஹிரோஷிமா. மஸ்டாவின் தாய் நிறுவனமான தோயோ கோக்யோ 1920ஆம் ஆண்டு தக்கை செய்யும் தொழிலாக அங்கே தொடங்கியது. 1945ஆம் ஆண்டு அணுகுண்டு வீழ்ந்தபோது, இடையே நின்ற குன்று ஒன்றின் மறைவினால் அதன் தொழிற்சாலை பேரழிவிலிருந்து தப்பியது. 1960களின் தொடக்கத்தில், சிறிய மோட்டார் நிறுவனங்களைப் பெரியவற்றோடு இணைத்துவிட யப்பானிய அரசு எண்ணியது. தமக்கென ஒரு தனித்திறன் இல்லாவிடின் தம் நிறுவனம் நிலைக்காது என்று உணர்ந்த தலைவர் சுனேஜி மட்சுடா, என்.எஸ்.யு.வோடு உடன்படிக்கை செய்து சுழல் எஞ்சினைப் பெற்றார். பெற்றபின்னரே அதன் குறை தெரிந்தது. கூட்டின் உட்சுவரிலே தகடுகள் வரிவரியாகக் கீறின. அக்கீறல்களைப் பேயின் நகக்கீறல் என்றே பொறியியலாளர் அழைத்தனர்.

1963ஆம் ஆண்டு கெனிச்சி யமமோட்டோ தலைமையில் நாற்பத்தேழு பொறியியலாளர் அப்பேயை ஓட்ட அமர்த்தப்பட்டனர். தகடு அதிர்வதே கீறலுக்குக் காரணம் எனக் கண்ட அவர்கள், பற்பல பொருள்களைச் சோதித்து, கரியும் அலுமினியமுங் கலந்த தகட்டினால் வெற்றி கண்டனர். 1967ஆம் ஆண்டு மே 30ஆந் திகதி கொஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது. மறு ஆண்டிலே ஜேர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் நடந்த 84 மணி நேர ஓட்டத்தில் ஒரு கொஸ்மோ நான்காவதாக வந்தது.

தேய்மானம் தணிந்தபோது எரிபொருட் செலவு தலைதூக்கியது. எரியும் அறை நீண்டு பரந்ததாகலின் வெப்பம் சுவர்களிலே வீணாகும். பெற்றோலும் முற்றாக எரிவதில்லை. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி நிறுவனத்தை வீழ்ச்சியின் விளிம்புக்கே கொண்டுசென்றது. சுமிட்டோமோ வங்கி கைகொடுத்துக் காத்தது. இதே காலத்தில், உரிமைக்காகப் பெருந்தொகை கொடுத்த அமெரிக்க ஜெனரல் மோட்டர்ஸ் தன் முயற்சியைக் கைவிட்டது. ஹிரோஷிமா கைவிடவில்லை. 1978ஆம் ஆண்டு பிறந்த ஆர்.எக்ஸ்.-7 வண்டிகள் 2002ஆம் ஆண்டு வரை எட்டு இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டன. 1991ஆம் ஆண்டு, நான்கு உருளிகள் கொண்ட மஸ்டா 787பி, லெமான் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்று, அவ்வெற்றியைப் பெற்ற முதலாவது யப்பானிய வண்டியாயிற்று. 2003ஆம் ஆண்டு வந்த ஆர்.எக்ஸ்.-8, புகைச் சட்டங்களுக்கு ஈடுகொடுக்க முயன்று, இறுதியில் ஓய்ந்தது.

வரலாறு இவ்வாறாக, வாங்குபவன் பார்க்க வேண்டிய பல்லும் சுழியும் எவை? முதலாவது அமுக்கம். சுழல் எஞ்சினுக்கென்றே அமைந்த கருவியினால், ஒவ்வோர் உருளியின் மூன்று பக்கங்களையும் தனித்தனியே அளத்தல் வேண்டும். மூன்று அளவுகளும் போதியனவாகவும் ஒன்றையொன்று ஒத்தனவாகவும் இருத்தல் நன்று. சாதாரணக் கருவி ஒரு பக்கத்தின் நோயை மறு பக்கங்களின் நலத்தால் மறைத்துவிடும். இரண்டாவது, நன்கு சூடேறிய எஞ்சினை நிறுத்திச் சற்றுப் பொறுத்து மீண்டும் இயக்கிப் பார்த்தல். சூட்டிலே எழ மறுக்கும் எஞ்சின் அமுக்கம் இழந்ததாகலாம். மூன்றாவது, உரிமையாளரின் பழக்கம். தகடுகள் வழுவழுப்பாக ஓடவேண்டி, மசகெண்ணெய் சிறிது சிறிதாக எரியுமாறே இவ்வெஞ்சின் அமைக்கப்பட்டது. பெற்றோல் நிரப்பும் நேரங்களில் எண்ணெய் அளவையும் பார்த்தவரா, குளிர்ந்த எஞ்சினை இயக்கி உடனே நிறுத்தும் பழக்கமுள்ளவரா என்று கேட்டறிதல் வேண்டும். அவ்வாறு நிறுத்தினால் பெற்றோல் தேங்கி, எஞ்சின் பின்னர் இயங்க மறுக்கும். அமுக்கச் சோதனைக்கு விற்பவர் இணங்காவிடின், அம்மறுப்பையே விடையாகக் கொள்ளலாம்.

நாள்தோறும் தொழிலுக்குச் சென்றுவர ஒரே வண்டியை நம்பியிருப்பவனும், விலையைக் கொடுத்தபின் கையில் ஒன்றும் எஞ்சாதவனும் இதை வாங்காதிருத்தல் அறிவுடைமை. எஞ்சினை மீளக் கட்டுதற்கான பணத்தையும் விலையோடு சேர்த்து எண்ணி, அதன்பின்னும் வேண்டும் என்பவன் துணிந்து வாங்கலாம். 2023ஆம் ஆண்டு மஸ்டா, மின்கலத்துக்கு மின்னூட்டும் சிறு எஞ்சினாகச் சுழல் எஞ்சினை மீண்டும் கொண்டுவந்தது. ஹிரோஷிமாவிலே அது பிழைத்தது, அதன் குறையை முன்னதாக ஒப்புக்கொண்டு நாள்தோறும் கவனித்தவர்கள் இருந்தமையால் அன்றோ? பழைய வண்டியை வாங்குபவனிடமும் அது கேட்பது அதே கவனிப்பைத்தான்.