பரானாவில் கலப்பை ஓய்ந்த கதை

தெற்கு பிரேசிலின் பரானா மாநிலத்தில் 1975 ஜூலையில் விழுந்த உறைபனி காப்பித் தோட்டங்களைக் கருக்கியது. முன்பே பரவத் தொடங்கியிருந்த சோயாவும் கோதுமையும் அந்தச் செம்மண்ணை வேகமாகப் பிடித்துக்கொண்டன. காப்பி பல்லாண்டுப் பயிர். சோயாவுக்கும் கோதுமைக்குமோ ஆண்டுக்கு இருமுறை நிலத்தைப் புரட்டினார்கள். சட்டிக் கலப்பை புழுதியாக்கிய சரிவுகளில் கோடைமழை கொட்டியபோது, விதையும் உரமும் மேல்மண்ணோடு அடித்துப் போயின. உறைபனிக்கு முன்பே இந்த இழப்பைக் கண்ட ரோலாந்தியா விவசாயி எர்பர்ட் பார்ட்ஸ், 1972இலேயே அமெரிக்காவின் கென்டக்கிக்குச் சென்று, அங்கே 1962 முதல் உழாமல் விதைத்துவந்த ஹாரி யங்கின் வயலைப் பார்த்துத் திரும்பினார். அந்த ஆண்டே தன் நிலத்தில் உழாமல் சோயா விதைத்தார்.

இதை மண்ணரிப்பைத் தடுத்த கதையாகவே சொல்கிறார்கள். அது பாதிக் கதைதான் என்பேன். மண்ணைப் புரட்டும் கலப்பை குளிர்நாட்டின் தேவையில் வளர்ந்தது. பனிக்காலம் முடிந்து நிலத்தைப் புரட்டினால் மண் காய்ந்து சூடேறும். முடங்கிக் கிடந்த நுண்ணுயிர்கள் மட்கைச் சிதைத்துப் பயிருக்குத் தழைச்சத்தைக் கொடுக்கும். பரானாவின் வெப்பத்தில் நுண்ணுயிர்களை எழுப்ப வேண்டியதில்லை, தீனிதான் தர வேண்டும். மண்கட்டிகளுக்குள் காற்றுப் படாமல் காப்பாக இருந்த மட்கைக் கலப்பை வெளியே கொண்டுவருகிறது. நுண்ணுயிர்கள் அதை விரைந்து தின்று கரியமில வாயுவாக்குகின்றன. தீனி தீர்ந்ததும் அவையும் குறைகின்றன. மண் துகள்களைப் பிணைக்கும் பூஞ்சை இழைகள் உழவுக்கு உழவு அறுபடுகின்றன. பிணைப்பு தளர்ந்த மண்ணை மழை எளிதில் கரைக்கிறது. பரானாவின் லொண்ட்ரினா நகரில் உள்ள நீண்டகாலச் சோதனை வயல்களில், உழாத மண்ணின் மேல் ஐந்து சென்டிமீட்டரில் நுண்ணுயிர்த் திரள் தெளிவாகக் கூடியிருந்தது. பிரேசிலின் சோயா தன் தழைச்சத்தின் பெரும்பகுதியை வேர்முடிச்சு பாக்டீரியாக்களிடமிருந்தே பெறுகிறது. வெறும் மண்ணின் சூட்டில் மடியும் அவை, உழாத நிலத்தின் மேல் கிடக்கும் வைக்கோல் மூடாக்கின் குளுமையில் பிழைக்கின்றன.

மேலே சேர்ந்த கரிமம் கீழே குறைந்திருக்கிறது, மொத்தத்தில் லாபம் சிறிது என்று சில ஆய்வாளர்கள் மறுக்கிறார்கள். வளிமண்டலக் கரிமத்தைக் கணக்கிடுவோருக்கு அது சரியான எச்சரிக்கை. ஆனால் மழைத்துளி மோதுவதும் விதை முளைப்பதும் அந்த மேலடுக்கில்தான். அங்கே உயிர் கூடுவது உழவருக்கு உண்மையான ஆதாயம். களைக்கொல்லி பற்றிய மறுப்பு இதைவிடக் கனமானது. களையை அழிக்கக் கலப்பை செய்த வேலையை முதலில் பாராகுவாட்டும் பின்னர் கிளைபோசேட்டும் ஏற்றன. கிளைபோசேட்டைத் தாங்கும் களைகளும் பிரேசிலில் பெருகிவிட்டன. இதை மழுப்ப முடியாது. ஆனாலும் பழி முழுவதும் உழாமையைச் சேராது. சோயாவையே திரும்பத் திரும்பப் போட்ட நிலங்களில் மூடாக்கு மெலிந்தது, மண் இறுகியது, களை மிகுந்தது. உழாமை ஒன்றே போதுமென்று நம்பிச் சரிவு வரப்புகளை எடுத்துவிட்டவர்கள் மண்ணரிப்பை மறுபடி பார்த்தார்கள். குளிர்காலத்தில் கருப்பு ஓட்ஸ் வளர்த்து, கத்தி உருளையால் மடக்கிக் கிடத்தி, அதன் மேலேயே விதைப்பவர்களுக்கு களைக்கொல்லித் தேவை குறைகிறது. நுண்ணுயிர்களுக்குத் தீனியும் கிடைக்கிறது. பயிர் மாற்றமும் மூடாக்கும் இல்லாத இடத்தில் கலப்பையை நிறுத்தியதை மட்டும் சீர்திருத்தம் என்று ஏற்க நான் தயாரில்லை.