யூசுப் (பெயர்)

யூசுப் என்பது முஸ்லிம் ஆண்களுக்கு இடப்படும் பெயர். இதை அரபுப் பெயர் என்றே பலரும் கருதுவர். ஆனால் இதன் வேர் எபிரேய மொழியில் உள்ளது. எபிரேய 'யோசேப்' என்பதற்கு 'அவர் கூட்டித் தருவாராக' என்பது பொருள். நெடுங்காலம் பிள்ளையின்றி இருந்த ராகேல், இன்னொரு மகனையும் இறைவன் தரவேண்டும் என்று சொல்லித் தன் மகனுக்கு இப்பெயரை இட்டதாக விவிலியத்தின் தொடக்கநூல் கூறுகிறது. குர்ஆனின் 12ஆம் அத்தியாயம் இவர் பெயரையே கொண்டது. அரபு இலக்கணத்திலும் யூசுப் வேற்றுமொழிப் பெயராகவே வகைப்படுத்தப்படுகிறது.

தமிழில் இதே பெயர் கிறித்தவர்களிடம் யோசேப்பு, சூசை என்று வழங்குகிறது. வீரமாமுனிவர் பொருளையே மொழிபெயர்த்து, 1726இல் இயற்றிய தேம்பாவணியில் சூசையப்பருக்கு வளன் என்று பெயர் சூட்டினார். பெருகுதல் என்னும் கருத்துக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ப்பெயர் கிடைப்பது அரிது.

ஏறத்தாழ அந்த ஆண்டுகளில் இராமநாதபுரம் பகுதியில் பனையூரில் பிறந்தவர் மருதநாயகம். இஸ்லாத்தைத் தழுவி முகமது யூசுப் கான் ஆனார். கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்ப் படைத் தலைவராக உயர்ந்து, 1759இல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் நிர்வாகத்தை ஏற்றார். சோழபுரம், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் அவர் படைகள் நடமாடிய மண். இதற்குத் தெற்கே உள்ள நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர்க் கோட்டைகளைப் பூலித்தேவரிடமிருந்து 1761இல் கைப்பற்றியவர் அவரே. பின்னர் நவாபையும் கம்பெனியையும் எதிர்த்து நின்றார். 1764 அக்டோபர் 15ஆம் நாள் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். பாளையக்காரர்களை அடக்கியவரும் கம்பெனியை எதிர்த்தவரும் ஒருவரே என்பதால், அவரை ஒரே சொல்லில் எடைபோடுவது சரியன்று.

மக்கள் நாவில் நின்றது யூசுப் என்ற பெயரன்று. 'கான்' துருக்கிய, மங்கோலிய மரபில் வந்த தலைமைப் பட்டம். 'சாகிப்' அரபுச் சொல். தோழர், உடையவர் எனப் பொருள்படும். பேச்சுவழக்கில் அது 'சாயபு' ஆயிற்று. படைத்தலைவரைக் குறிக்கும் 'கமாண்டன்ட்' என்ற சொல் 'கம்மந்தான்' ஆயிற்று. நா. வானமாமலை பதிப்பித்த கதைப்பாடலின் பெயரும் 'கான் சாயபு சண்டை' என்பதே. மதுரை சம்மட்டிபுரத்தில் அவர் அடக்கத்தின் மேல் 1808இல் எழுந்த தொழுகையிடம் கான் சாகிப் பள்ளிவாசல் என்று அழைக்கப்படுகிறது.