பறவையின் காலில் ஒரு முகவரி

இலையுதிர்காலம் வந்ததும் ஐரோப்பாவின் தகைவிலான் குருவிகள் மறைந்துவிடுகின்றன. வசந்தத்தில் மீண்டும் தோன்றுகின்றன. இடைப்பட்ட மாதங்களில் அவை எங்கிருந்தன? சில பொந்துகளில் ஒடுங்கிக் கிடக்கின்றன என்று அரிஸ்டாட்டில் எழுதினார். ஏரிச் சேற்றில் உறங்குகின்றன என்று பின்வந்தோர் நெடுங்காலம் நம்பினர். பெரியோர் கூறினர் என்பதனாலேயே ஊகம் உண்மையாகிவிடுவதில்லை.

இதற்கு ஒரு வழி கண்டவர் டென்மார்க்கின் வீபோர் நகரத்துப் பள்ளி ஆசிரியர் ஹான்ஸ் மோர்டென்சன். 1890இல் அவர் பறவைகளின் காலில் துத்தநாக வளையம் மாட்டிப் பார்த்தார், அது கனத்தது. 1899இல் இலேசான அலுமினிய வளையங்களில் எண்ணும் ஊர்ப்பெயரும் பொறித்து, மைனாவின் இனத்தைச் சேர்ந்த 165 ஸ்டார்லிங் பறவைகளுக்கு அணிவித்துப் பறக்கவிட்டார்.

1911 மே மாதம் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் ஜான் மேஸ்ஃபீல்ட் என்பவர் ஒரு தகைவிலானுக்கு வளையமிட்டார். 1912 டிசம்பரில் அது தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில், ஒரு பண்ணை வீட்டில் பிடிபட்டது. அங்கிருந்து வளையத்தில் கண்ட இலண்டன் முகவரிக்கு ஒரு கடிதம் சென்றது. முன்பின் அறியாதவர் எழுதிய அக்கடிதமே நெடுநாளைய ஐயத்தைத் தீர்த்தது.

வட கடலின் ஹெலிகோலாந்து தீவில் இலையுதிர்காலந்தோறும் பாட்டுப்பறவைகள் திரளாக இறங்கி இளைப்பாறும். மரங்கள் அரிதான அத்தீவின் மக்கள் புதர் அமைத்து, வலை கட்டி, பூங்குருவிகளை உணவுக்காகப் பிடித்து வந்தனர். அங்குப் பறவை ஆய்வை நிறுவிய ஹூகோ வைகோல்ட், அதே பொறியைப் பெரிய புனல் வடிவ வலைக்கூண்டாக மாற்றினார். உள்ளே வந்த பறவை வளையத்துடன் விடுதலை பெற்றது. பொறி ஒன்றே, நிய்யத் வேறு.

அத்தீவில் இக்கலையைப் பயின்றவர்களுள் நம் சாலிம் அலீயும் ஒருவர். 1957இல் இன்றைய கர்நாடகத்தின் சிமோகா பகுதிக் காடுகளில் கியாசனூர் காய்ச்சல் கண்டறியப்பட்டது. வலசைப் பறவைகளில் ஒட்டிவரும் உண்ணிகள் அக்கிருமியைக் கொணர்ந்திருக்குமோ என்ற கேள்வி எழுந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் உதவியுடன் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் வளையமிடும் பெரும்பணியைத் தொடங்கிற்று. அதனை முன்னின்று நடத்தியவர் சாலிம் அலீ. நம் கோடிக்கரையும் அப்பணியின் முக்கியக் களங்களுள் ஒன்றானது.

வளையமிடுவோர் செய்வது பாதிப் பணியே. மறுபாதி, அப்பறவையைக் காணும் எவரோ ஒருவரின் நேர்மையில் நிற்கிறது. எனவே அவ்வளையத்தை நாம் அமானிதமாகவே கருத வேண்டும். வளையமிட்ட பறவை இறந்து கிடக்கக் கண்டால் எண், இடம், நாள் ஆகியவற்றைக் குறித்து, அதில் உள்ள முகவரிக்குத் தெரிவிப்போம். உயிருடன் இருப்பின் வளையத்தைக் கழற்றாமல், எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு, பறவையை அதன் வழியே விடுவோம். இதனை நம் பிள்ளைகளுக்கும் கற்பிப்போம்.